கனம் கம்மி, பயம் ஜாஸ்தி

கறி வாங்கப் போகிறவர் துணைக்குச் சைவக்காரரை அழைத்துப் போனதாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கீழ்பென்னாத்தூர் தசரதன் அப்படித்தான் செய்தார். ரிவால்வர் வாங்க வந்தவர், எறும்பு குறுக்கே போனால்கூட நின்று வழிவிடும் ஜம்புகுமார் சாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது தெரிந்திருந்தால் நான் அன்றைக்கு அந்தக் கடைப் படியே ஏறியிருக்க மாட்டேன்.

என் பெயர் வேதா. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு, ஹையர் பாஸாகாமல், ஜம்புகுமார் சாரிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். திருவண்ணாமலையில் ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம், செங்கம் ரோட்டில், ஒரு காப்பிக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். அந்த ரோட்டில் தன்னையே தேடி வருகிற வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தி. அடுத்தவனைத் தேடுகிறவர்கள் மட்டும் எங்கள் மாடிக்கு ஏறி வருவார்கள். சார் இந்தப் பக்கத்துப் பழைய ஜைனக் குடும்பம். ஊர் அவரை நயினார் என்று கூப்பிடும். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார், பொய்யை வடிகட்டாமல் கேட்பார்.

தசரதன் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருப்பவர். போன வாரம்தான் எங்களிடம் வந்தார். தீபாவளியிலிருந்து யாரோ தன்னை மிரட்டுவதாகச் சொன்னார். ஓடும் காரின் மேல் கல் வந்து விழுந்ததாம். போனில் ஒரு குரல் 'நாள் குறிச்சாச்சு' என்றதாம். யார் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் ஊர்ப்பக்கம் வந்து விசாரிக்கக் கூடாது; மிரட்டுகிறவன் உஷாராகிவிடுவான். அப்போது ஜில்லாத் தலைநகரான வேலூரில், கலெக்டர் ஆபீஸில் எழுதிப் போட்டுத் துப்பாக்கி லைசென்ஸ்கூட வாங்கிவிட்டார். ஊருக்குள் போகாமல் ஊர்க்காரனைப் பிடிப்பது எப்படி என்று நானும் சாரும் மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

அன்று பிற்பகல் தேரடி வீதியில் பாஷா பாயின் துப்பாக்கிக் கடை. தை மாதக் குளிர். காலையிலிருந்து மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. பாஷா பாய் பச்சைத் துணியை விரித்து மூன்று ரிவால்வர்களை வரிசையாக வைத்தார்.

"இது பெருசு. குழல் நீளம், குறி தப்பாது. ஆனா இடுப்புல வெச்சா ஊருக்கே தெரியும். இது நடுவாந்திரம். இது பாருங்க, பொடிசு. அஞ்சே தோட்டா. கனம் கம்மி. தோட்டாவ அடிக்கற குதிரை வெளிய நீட்டிக்கிட்டு இருக்காது, எடுக்கறப்ப துணில மாட்டாது."

"அப்ப இதுல குறையே இல்லியா, பாய்?" என்றேன்.

"இருக்கும்மா. கனம் கம்மின்னா சுடறப்ப கையில ஒதை ஜாஸ்தி. குழல் குட்டை, அதனால எட்டத்துல இருக்கறவன் பொழச்சுப்பான். பக்கத்துல இருக்கறவன் பொழைக்க மாட்டான்."

தசரதன் அந்தப் பொடிசையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, வாட்டசாட்டமான உடம்பு. மொட்டையடித்து மீசையும் எடுத்த தலையில் முடி இப்போதுதான் குத்திட்டு முளைத்திருந்தது. எங்களிடம் வந்த அன்றே 'திருப்பதியா சார்?' என்று கேட்டேன். 'வேண்டுதல்' என்று மட்டும் சொன்னார்.

"ரோட்டுலதானே உங்களுக்கு ஆபத்து?" என்றார் சார். "கல்லு எட்டத்துலேர்ந்துதானே வந்தது. பெருசை வாங்குங்களேன்."

"பெருசு வெளிய தெரியும், நயினாரே. தெரியக் கூடாது."

"காருக்குள்ள தெரிஞ்சா என்ன?"

தசரதன் "புழுக்கமா இருக்குது" என்று சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். நான் சால்வையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டேன். அவர் திரும்பி நின்று, பொடிசை வேட்டி மடிப்பில், அரைஞாண் கயிற்றுக்கு உள்ளே செருகினார். தரையில் பாய் விரித்திருந்தது. அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முன்னால் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"தெரியுதாம்மா?"

"தொப்பைதான் சார் தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. வலது கையை மடிக்குள் விட்டு ரிவால்வரை எடுத்து, இடது பக்கமாக நீட்டினார். பாதி மடங்கிய கை. அந்தப் பக்கம் பாயும் சுவரும்தான் இருந்தன. ஆனாலும் அந்த வெற்றிடத்தை அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"பாய், தண்ணி பட்டா வெடிக்குமா?"

"தோட்டா வாய் மூடி இருக்கும் சார். ஒரு முழுக்கு போட்டாலும் ஒண்ணும் ஆவாது. ஆனா தொடச்சு எண்ணெ போட்டுடணும். தோல் உறை குடுக்கட்டா?"

"உறை வேணாம்."

அப்போது வாசலில் ஒரு பண்டாரம் விபூதித் தட்டோடு வந்து நின்றார். பெரிய கோபுரத்துக்கு இத்தனை பக்கத்தில் கடை வைத்தால் இது தினப்படி நடப்பதுதான். பாஷா பாய்கூட ஒரு காசு போட்டார். தசரதனும் போட்டார். பண்டாரம் விபூதியை நீட்டியபோது, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, போகச் சொல்லித் தலையசைத்தார். நான் எடுத்துப் பூசிக்கொண்டேன். சார் தசரதனின் வெறும் நெற்றியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது தசரதன் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "எனக்கு எவ்ளோ பயம்னு நீங்கதான் கண்ணால பாத்தீங்க. நாளைக்கு யாராவது கேட்டா சொல்லுங்க."

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். இவர் மடியில் கனம் கம்மியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, பயத்தை எங்களிடம் சாட்சிக்கு விட்டுப் போனார்.

சார் பொழுது இருக்கும்போதே சாப்பிட்டாக வேண்டும் என்பதால் நேரே ஓட்டலுக்குப் போனோம். வெங்காயம் இல்லாத சட்னி கேட்டு சர்வரை ஒரு வழி செய்துவிட்டு, இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க சார். சூரியன் உங்களுக்காகக் காத்திருக்காது."

"வேதா, ரிவால்வர் வாங்கறவன் எதைப் பாத்து வாங்குவான்?"

"விலையை."

"சுடப்போற எடத்தைப் பாத்து. செருப்பு வாங்கறவன் நடந்து பாத்து வாங்கறான். இவரு உக்காந்து பாத்து வாங்கினாரு. சொல்லு, ஆம்பளை சட்டையில்லாம, தரையில சம்மணம் போட்டு எங்க உக்காருவான்?"

"கல்யாணப் பந்தியில."

"பந்தியில சட்டை போட்டுத்தான் உக்காருவாங்க. அதோட, அங்க தண்ணி எங்க வந்தது?"

"கோயில் குளம்? முழுக்கு போட்டுட்டு..."

"முழுக்கு போட்டவன் கோயிலுக்குள்ள போவான். விபூதி வேணாம்னு சொல்வானா?"

எனக்குச் சுருக்கென்றது. வேண்டுதலுக்கு மொட்டை போட்டவர் விபூதியைத் தொட மாட்டேன் என்கிறார். இந்த ஊரில் விபூதியை வேண்டாம் என்று சொல்ல ஒரே காரணம்தான் உண்டு.

"தீட்டு" என்றேன். "சார், அது வேண்டுதல் மொட்டை இல்ல. சாவு மொட்டை."

"ம். தலையும் மீசையும் எடுத்திருக்காருன்னா கொள்ளி வெச்சவரு. முடி முளைச்சிருக்கறதைப் பாத்தா காரியம் நெருங்கிடுச்சு. ஏரியில முழுகி, ஈர வேட்டியோட, வெத்து உடம்போட, தரையில உக்காந்து குனிஞ்சு..."

"பிண்டம் வெப்பாங்க" என்று நான் முடித்தேன். "கருமாதியில உக்காந்துக்கிட்டு யாரையோ சுடப் போறாரு. இடது பக்கத்துல உக்காரப்போற யாரையோ."

சார் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் இரவெல்லாம் பட்டினி என்பது எனக்குத் தெரிந்தது. அதைக் கேலி செய்ய மனசு வரவில்லை.

ஸ்கூட்டரில் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது பஸ் ஸ்டாண்டில் விளக்கு போட்டுவிட்டார்கள். செத்தது யார் என்றே தெரியாமல் துக்கம் விசாரிக்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்குத்தான் சார் என்னை வைத்திருக்கிறார். பூக்காரம்மாவிடம் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

"மண்டிக்காரர் வூட்டு காரியம் எப்பம்மா? ஊர்லேர்ந்து வரோம், லேட்டாயிடுச்சு."

"நாளைக்குக் காலைல ஏரிக்கரையில. பாவம், அவுரப் பெத்த அந்தம்மா. தோ, ஜவுளிக் கடையில கோடித் துணி எடுத்துக்கினு கீறாரே, அவுருதான் அந்தம்மா தம்பி. அவுரையே கேளு."

அந்தம்மா என்றால் தசரதனின் தாய். தாயைப் பறிகொடுத்த மனிதர், போன வாரம் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு 'வேண்டுதல்' என்றார்.

தாய்மாமன் பெயர் சடையன். எழுபது வயதிருக்கும். இரண்டு கோடி வேட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, கரை ஒரே மாதிரி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை.

"ரெண்டு வேட்டி எடுத்தேன். ரெண்டு பசங்களாச்சே" என்றார். பிறகு எழுந்து எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் காசி. தசரதனின் ஒரே தம்பி. பட்டாளத்தில் இருக்கிறான், அன்று மதியம்தான் வந்து சேர்ந்தான். அண்ணன் வீட்டுக்குப் போகாமல் மாமன் வீட்டில் இறங்கியிருந்தான்.

சடையன்தான் பேசினார். "தீபாவளிக்கு வந்தப்ப இவன் பாகம் கேட்டான். எங்கக்கா, 'குடுத்துடுடா, கெணத்துமேட்டு நெலம் சின்னவனுக்கு'ன்னா. பெரியவனுக்கு அது ஆவல. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி அக்கா அந்தக் கெணத்துலயே கெடக்கறா. வெளியூர் போயிருந்தேன், சொல்லி அனுப்பி நான் வர்றதுக்குள்ள எரிச்சுட்டான். தாய்க்குக் கொள்ளி வெக்க வேண்டியவன் கடைசிப் புள்ள. அதுதானே மொற? இவன் வர்ற வரைக்கும்கூட வெச்சிருக்கல."

"அம்மாவுக்குக் கண்ணு தெரியாது சார்" என்றான் காசி. "எட்டு வருசமா யாராவது கையப் புடிச்சாத்தான் வாசப்படியே எறங்குவாங்க. வூட்லேர்ந்து அவ்ளோ தூரம் கெணத்துக்கு எப்படிப் போனாங்கன்னு நாளைக்குப் பங்காளிங்க முன்னாடி கேப்பேன்னு அண்ணனுக்கு எழுதிட்டேன்."

"அதனாலதான் துப்பாக்கி" என்றேன்.

"நாளைக்கு நீங்க வராம இருக்கலாம்" என்றார் சார்.

காசி அவரை நிமிர்ந்து பார்த்தான். "சார், கொள்ளிதான் வெக்க முடியல. ஒரு வாய் தண்ணியாவது விட வேணாமா? சுட்டா சுடட்டும். நான் வருவேன்."

அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குத் தசரதன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சார் மட்டும் ஏதோ கணக்குத் தப்பியவர்போல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேதா, நம்ம ரெண்டு பேரை எதுக்குக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு?"

"நீங்க துப்பாக்கி நிபுணராச்சே!"

"மிரட்டினவன்னு ஒருத்தன் இருந்தாத்தானே கிடைப்பான்? கல்லும் போனும் அவரே சொன்னது. நாளைக்குத் தம்பியைச் சுட்டுட்டு, 'இவன்தான் மிரட்டினவன், என்மேல பாஞ்சான், பயத்துல சுட்டேன்'ம்பாரு. அவரு பயந்தாரு, பயந்துதான் துப்பாக்கி வாங்கினாரு, நாங்களே கூட இருந்தோம்னு கூண்டுல ஏறிச் சொல்ல ரெண்டு பேரு வேணும். பொய் சொல்லாத நயினாரு ஒருத்தரு. வாயாடிப் பொண்ணு ஒருத்தி."

நாங்கள் அவருக்குத் துப்பறிகிறவர்கள் இல்லை. அவர் வாங்கிய பொருளோடு வந்த உறை நாங்கள்தான். தோல் உறை வேண்டாம் என்றது இதனால்தானோ என்னவோ.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சப்-இன்ஸ்பெக்டர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார்.

"லைசென்ஸ் இருக்கறவரு துப்பாக்கி வாங்கினாரு. இதுல நான் என்ன கேஸ் போட? இப்பப் போய்க் கேட்டா, பாதுகாப்புக்குன்னு சொல்வாரு. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டு வரவேண்டியதுதான்."

"வாஸ்தவம்" என்றார் சார். "நாளைக்கு இல்லைன்னாலும் இன்னொரு நாளு, இன்னொரு எடத்துல சுடுவாரு. தாய்க்குப் பிண்டம் வெக்கற எடத்துல, ஈர மடியில அதை வெச்சிருந்தாருன்னு ஊரே பாக்கணும். பாத்தா?"

"பாத்தா பேச்சே வேற. ஆனா எப்படிப் பாக்கறது? அவரு மடிக்குள்ள நான் கைவிட்டா அதுக்குள்ள வெடிச்சிடும்."

"நீங்க விட வேணாம்" என்றார் சார். "அவரே அவுப்பாரு."

மறுநாள் விடியற்காலை ஏரிக்கரையில் பனி இறங்கியிருந்தது. பத்துப் பதினைந்து பங்காளிகள் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவராக, சட்டையில்லாமல், துண்டோடு சப்-இன்ஸ்பெக்டரும் நின்றார். குளிரில் அவர் பல் அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. நானும் சாரும் புளியமரத்துக்குப் பின்னால் நின்றோம்.

மூன்று செங்கல் நட்டு, எதிரே வாழை இலையில் சோற்று உருண்டைகளும் எள்ளும் வைத்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஏரியில் இறங்கினார்கள். தசரதன் முழுகும்போது இரண்டு கைகளும் தண்ணீருக்குள்ளேயே இருந்தன. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகுவார்கள், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முழுகினார். காசி ஒரு தடவைகூட அண்ணன் பக்கம் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே கரையேறினான். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சாரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தாய்க்குக் காரியம் என்பதால் காசி நடுவில் வந்து நின்றான். அவனுக்கு வலப்பக்கம் தசரதன். அதாவது தசரதனுக்கு இடப்பக்கம் காசி. கடையில் வெறும் பாயும் சுவருமாக இருந்த இடத்தில் இப்போது ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

"உக்காருங்க" என்றார் காரியம் செய்து வைக்கிறவர்.

"இரு" என்றார் சடையன்.

கோடி வேட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் தாய்மாமன் கோடி போடுவது வழக்கம். பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் ஈரத்தை மாத்திக்கினு உக்காருங்கடா. பனி கொட்டுது."

"அப்புறம் மாமா" என்றார் தசரதன். "மொதல்ல காரியம் ஆவட்டும்."

"இன்னாடா அப்புறம்? எங்கக்கா இருந்தா ஈரத்தோட உன்ன உக்கார வுடுவாளா?"

காசி அந்தக் கோடியை வாங்கி அங்கேயே சுற்றிக்கொண்டு, ஈர வேட்டியை உருவிப் போட்டான். தசரதன் அசையவில்லை. இடது கை இடுப்பின்மேலேயே இருந்தது.

"தாய்மாமன் கோடிய வேணாம்னுவியா? பங்காளிங்க பாக்கறாங்கடா."

அதற்குமேல் அவரால் மறுக்க முடியாது. ஊர் கூடிய இடத்தில் தாய்மாமன் கோடியைத் தள்ளுகிறவன் அந்த ஊரில் தலைகாட்ட முடியாது. வலது கை மெதுவாக மடிக்குள் போவதை நான் பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டர் துண்டை நழுவவிட்டார். அதற்குள் சடையன் கோடியை விரித்து மருமகனின் இடுப்பைச் சுற்றி, தானே அணைத்தாற்போல் கட்டி, உள்ளே இருந்த ஈர வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டார். கிழவருக்கு அவ்வளவு தைரியம். வயிற்றில் துப்பாக்கி முட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தேதான் அணைத்தார்.

ரிவால்வர் சேற்றில் விழுந்தது. சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

முதலில் குனிந்து எடுத்தவன் காசி. பட்டாளத்துக் கை. எடுத்த எடுப்பிலேயே அது அண்ணனின் மார்புக்கு நேராக நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் "தம்பி, வேணாம்" என்றார். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சார் மரத்தடியிலிருந்து இறங்கி நேரே அந்த இருவருக்கும் இடையில் நடக்க ஆரம்பித்தார். என் உயிர் என்னிடம் இல்லை.

"எனக்குடா!" என்று தசரதன் அலறினார். தரையில் மண்டியிட்டுவிட்டார். "உனக்கு இல்லடா, எனக்கு! அம்மா போனப்புறம் நான் எதுக்கு? அம்மா பிண்டத்து முன்னாடியே போயிடலாம்னுதான்..."

பங்காளிகள் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் கேட்டது. யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ? காசியின் கை தாழ்ந்தது.

சார் தசரதனுக்கு எதிரே உட்கார்ந்தார். மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஐயா, தன்னையே சுட்டுக்கறவரு துப்பாக்கியை எந்தப் பக்கம் நீட்டிப் பாப்பாரு?"

தசரதன் கோடி வேட்டியை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து கடையில சம்மணம் போட்டு உக்காந்து, கையை நீட்டினீங்களே. வேதா பாத்தா. பாஷா பாய் பாத்தாரு. சாட்சிக்குன்னு நீங்கதான எங்களக் கூட்டிட்டுப் போனீங்க? அந்தப் பக்கத்தை இவங்களுக்குக் காட்டுங்க."

யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பங்காளிகளின் தலைகள் ஒவ்வொன்றாகக் காசி நின்ற பக்கம் திரும்பின. விம்மல் நின்றுபோனது.

காசி துப்பாக்கியைச் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான். அதற்கு அப்புறம் அண்ணனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கேட்டுவிடுவதாக எழுதியிருந்ததை, எழுதியபடியே கேட்டான்.

"அண்ணா, கண்ணு தெரியாதவ கெணத்துக்கு எப்படிப் போனா?"

தசரதன் சோற்று உருண்டைகளையே பார்த்தார். வந்த குரல் மண்டிக்காரரின் குரலாகவே இல்லை.

"என் கையப் புடிச்சிக்கினுதான் வந்தா. எங்கடா போறோம்னுகூடக் கேக்கல."

சடையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் தசரதனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தொட்டபோது, "ஒரு வாய் தண்ணி விட்டுட்டு வரேன், எனக்கும் அம்மாதான்" என்று எள் இருந்த இலைப் பக்கம் கையை நீட்டினார்.

காசி அந்த இலையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். செங்கற்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இடமும் வலமும் யாரும் இல்லாமல், தனியாக உட்கார்ந்தான்.

"மாமா, எழுந்து வா" என்றான். "நேரமாவுது. அம்மா பசியோட இருக்கும்."